முறைத் தண்ணீர்: போரானா சீமையில் எழுதிய நாட்குறிப்பு

ஞாயிறு, யாபெல்லோ

எத்தியோப்பியாவின் தெற்கே இருக்கும் போரானா சீமைக்குப் போகிறேன் என்றதும் அடிஸ் அபாபாவில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அங்கே என்ன இருக்கு? தண்ணீர்கூடக் கிடையாதே." அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்றால் விளக்கிச் சொல்ல நேரமாகும். சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆறு இல்லை, மழைக்கும் உத்தரவாதம் இல்லை. அப்படிப்பட்ட சீமையில் ஒரு சனம் பல நூறு வருஷமாக மாடு வளர்த்துப் பிழைத்துவருகிறது என்றால், தண்ணீரைப் பங்கு போடும் வித்தை ஏதோ அவர்களிடம் இருக்க வேண்டும்.

அடிஸிலிருந்து கென்ய எல்லையில் இருக்கும் மொயாலேவுக்கு ஒரே நெடுஞ்சாலை. யாபெல்லோ அதில் முக்கால் தூரம். ஹவாசாவில் ஏரி மீன் வறுவல், இரவுத் தூக்கம், மறுபடியும் வண்டி. டில்லா பக்கம் சாலையின் இரண்டு பக்கமும் காபித் தோட்டம். வீட்டுக்கு வீடு என்செட் மரம் நிற்கிறது. பார்த்தால் வாழைதான், ஆனால் குலை தின்பதற்கு இல்லை. தண்டையும் கிழங்கையும் புளிக்கவைத்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள். புலே ஹோரா தாண்டியதும் பச்சை வற்றிப்போகிறது. மண் செம்மண் ஆகிறது, மரம் முள்மரம் ஆகிறது. கரையான் புற்றுகள் ஆளைவிட உயரமாக, நுனியில் புகைபோக்கி வைத்ததுபோல, சாலையை ஒட்டியே நிற்கின்றன.

இது ஒரோமியா மாநிலத்தின் தென்கோடி. போரானாக்கள் ஒரோமோ மக்களில் ஒரு கிளை; ஒரோமோ வழக்கங்களை அதிகம் கலக்காமல் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான் என்று மற்ற ஒரோமோக்களே சொல்வார்கள். இங்கே மழை இரண்டு. மார்ச்சிலிருந்து மே வரை பெரிய மழை, பெயர் கன்னா. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை சின்ன மழை, ஹகாயா. நான் வந்திருப்பது பிப்ரவரிக் கடைசி. ஹகாயா ஈரம் காய்ந்துபோய், கன்னா இன்னும் வராத நேரம். கிணற்றைப் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. மாட்டுக்கு இதைவிடக் கெட்ட காலமும் இல்லை.

நாளை வழிகாட்டியாக வரப்போகும் தம்பி விடுதிக்கு வந்து, "காலையில் ஒரு மணிக்கு ரெடியா இருங்க" என்றார். இந்த நாட்டில் பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆனால்தான் ஒரு மணி. நம் கணக்கில் ஏழு. பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு இந்திய ஆசிரியராம். எத்தியோப்பியாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்துவிடும்.

திங்கள், யாபெல்லோ சுற்றுப்புறம்

காலையில் ஒரு காக்கையைப் பார்க்கப் போனோம். காக்கை என்றால் காக்கைக் குடும்பம். உருவத்தில் மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் உடம்பு, கறுத்த சிறகும் வாலும், கண்ணைச் சுற்றி மொட்டையாக நீலத் தோல். மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து, சாணத்தைக் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது ஒரு கூட்டம். எத்தியோப்பியப் புதர்க்காகம் என்கிற இந்தப் பறவை உலகத்தில் யாபெல்லோவையும் மெகாவையும் சுற்றிய இந்தத் துண்டு நிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. 1938-ல்தான் அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தது.

ஏன் இங்கே மட்டும்? எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே முள்மரம், இதே செம்மண், இதே மாடு. வெகுநாள் யாருக்கும் விடை தெரியவில்லை. பிறகு வெப்பநிலைக் கணக்கை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் இருக்கும் தாழ்ந்த வெக்கைப் பூமிக்கு நடுவே இந்த மேட்டு நிலம் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி முடிகிற கோட்டில் பறவையும் முடிந்துவிடுகிறது. வேலியும் இல்லை, மலையும் இல்லை, வெறும் சூடுதான் அதற்கு மதில். பூமி சூடேறினால் இதன் கதி என்ன என்று யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

மத்தியானம் ஓர் ஒல்லாவுக்குப் போனோம். ஒல்லா என்பது சில பல குடும்பங்கள் சேர்ந்திருக்கிற குடியிருப்பு. தலைவர் அப்பா ஒல்லா. முள் வேலி, உள்ளே கவிழ்த்த கூடை வடிவத்தில் புல் வேய்ந்த வீடுகள். வீடு கட்டுவது முழுக்கப் பெண்கள் வேலை. குச்சியை வளைத்துக் கட்டுவதிலிருந்து கூரை வேய்வது வரை ஆண்கள் கிட்டேயே வருவதில்லை. ஆண்கள் கைலி கட்டிக்கொண்டு, கையில் கோலோடு, வேலிக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவரை வரவேற்பதே கால் மணி நேரம். நாகா? நாகா. வீட்டில் நாகா? மாட்டுக்கு நாகா? வழியில் நாகா? கேட்பவரும் பதில் சொல்பவரும் அதே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். சமாதானம், நலம் எல்லாம் அதற்குள் அடக்கம். அவசரப்படுகிறவன் இந்த ஊருக்கு லாயக்கில்லை.

அம்மா ஒருவர் பால் தந்தார். பாத்திரம் மண்ணும் இல்லை, மரமும் இல்லை. நாரைக் கயிறாகத் திரித்து நெருக்கிப் பின்னியது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கழுவுவதற்குத் தண்ணீர் ஏது? தணலில் எரிந்த குச்சியை உள்ளே போட்டுக் குலுக்கிப் புகை ஏற்றுகிறார்கள். அதனால் பால் சீக்கிரம் கெடுவதில்லை. வாயில் வைத்ததும் புகை மணம்தான் முதலில் தெரிகிறது, பால் பிறகுதான். எனக்குப் பிடித்தது. ஓட்டுநர் அடிஸ்காரர், முகத்தைச் சுளித்தார்.

இங்கே மந்தை இரண்டாகப் பிரியும். கறவையும் கன்றும் ஒல்லாவுக்குப் பக்கத்தில். மற்றதெல்லாம் இளைஞர்களோடு புல் தேடி வெகுதூரம் போய்விடும். கன்றுக்கென்று வேலி போட்டு ஒதுக்கிவைத்த புல்வெளிக்குக் கலோ என்று பெயர். ஆனால் புல்வெளியே குறைந்துவருகிறது. முன்பெல்லாம் கோடையில் தீ வைப்பார்கள். முட்செடி கருகும், மழைக்குப் புல் கிளம்பும். 1970-களில் அரசு தீ வைப்பதைத் தடை செய்தது. காட்டைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். வந்தது காடு இல்லை, முட்புதர். மாடு நுழைய முடியாத புதரை என்னிடம் கை நீட்டிக் காட்டிய பெரியவர் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தையை வழிகாட்டித் தம்பி மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

செவ்வாய், டுப்ளுக்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

போரானா நிலத்தில் துலா சக்லான் என்று பேர்போன ஒன்பது ஆழ்கிணற்றுத் தொகுதிகள் உண்டு. டுப்ளுக் அதில் ஒன்று. ஒரு தொகுதியில் பல கிணறுகள். யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்பதற்குக் கதைகள்தான் இருக்கின்றன. இயந்திரம் இல்லாத காலத்தில் பாறையைக் குடைந்து வெட்டியவை. சில கிணறுகள் 30 மீட்டர் ஆழம் போகும்.

கிணறு என்றதும் நம் மனதில் வருகிற வட்டத்தை மறந்துவிட வேண்டும். தரை மட்டத்திலிருந்து ஒரு சரிவுப் பாதை கீழே இறங்குகிறது. இரண்டு பக்கமும் செம்மண் சுவர் உயர்ந்துகொண்டே போகிறது. மாடுகள் வரிசையாக இறங்கும் அளவுக்குத்தான் அகலம். கீழே போய்ச் சேர்ந்தால் ஒரு முற்றம், அதில் களிமண்ணால் பூசி மெழுகிய நீளத் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் பாட்டுக் கேட்டது.

சுவரை ஒட்டி எட்டிப் பார்த்தேன். குழிக்குள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக ஆறேழு பேர், பாறை விளிம்பிலும் குறுக்குக் கம்பிலும் கால் ஊன்றி நிற்கிறார்கள். அடியில் நிற்பவர் வாளியை முக்கி மேலே எறிகிறார். அடுத்தவர் பிடித்து மேலே எறிகிறார். ஏறுகிற வாளி நிறைவாளி, இறங்குகிற வாளி வெறும் வாளி. இரண்டும் ஒரே நேரத்தில் கை மாறுகின்றன. ஒருவர் ஒரு நொடி தவறினால் கீழே இருப்பவர் மண்டை உடையும். பாட்டு அதற்குத்தான். கடைசி ஆள் தொட்டியில் கொட்டுகிற சத்தமும் தாளத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் தோலால் தைத்த வாளி. இப்போது சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் பிளாஸ்டிக் கேனைப் பாதியாக வெட்டிக் கைப்பிடி கட்டியிருக்கிறார்கள். பாட்டு மாறவில்லை. தண்ணீர் குடிக்க வந்திருக்கிற மந்தையைத்தான் புகழ்ந்து பாடுகிறார்கள்: நிறம், கொம்பு, திமில், பால்.

வழிகாட்டித் தம்பி எனக்குக் கிணற்றின் நிர்வாகத்தைச் சொன்னார். கிணற்றை வெட்டியவர் அல்லது தூர்ந்ததைத் திரும்பத் தோண்டியவர் வழியில் வருகிறவர் கோன்ஃபி, உரிமை அவருடையது. ஆனால் அன்றாடம் யார் மாடு எப்போது குடிக்கலாம் என்று சொல்கிறவர் வேறொருவர், அப்பா ஹெரெகா. உரிமை ஒரு கையில், முறை இன்னொரு கையில். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் மடை திறக்கிறவருக்கு வயல்காரர்கள் கட்டுப்பட்ட மாதிரி இங்கே அப்பா ஹெரெகாவுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும், கோன்ஃபி உட்பட.

வறண்ட காலத்தில் ஒரு மந்தைக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர். குடித்த மாடு மறுநாள் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் மேயப் போகும், அதற்கு மறுநாள் திரும்பிவரும். தினமும் குடிக்க விட்டால் கிணற்றைச் சுற்றியிருக்கிற புல் ஒரே மாதத்தில் மொட்டையாகிவிடும், தூரத்துப் புல் வீணாகும். தண்ணீர் முறைதான் மேய்ச்சலுக்கும் வேலி. மழை வந்ததும் கிணற்றை மூடிவிடுவார்கள். குட்டைத் தண்ணீர் தீரும் வரை யாரும் இறங்கக்கூடாது. மழைக்காலத்தில் எங்கே மேய்வது, கோடையில் எங்கே மேய்வது என்கிற கேள்விக்கு இந்தப் பூட்டுதான் பதில்.

மேலே வேலிக்கு வெளியே மூன்று மந்தை காத்திருந்தது. வெள்ளையும் சாம்பலுமாகத் திமில் வைத்த மாடுகள். தண்ணீர் வாசனை பட்டதும் முன்னால் நின்றவை கத்த ஆரம்பித்தன, ஆனாலும் கோலோடு நின்ற பையன் ஒருவன் அத்தனையையும் நிறுத்திவைத்திருந்தான். கீழிருந்து குரல் வந்த பிறகுதான் வழி விட்டான். இந்தத் திமிலின் பூர்வீகம் நம் பக்கம்தான். சிந்துவெளியில் பழக்கப்பட்ட இனத்தின் ரத்தம் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்க மாடுகளில் கலந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. போரான் மாடு என்ற பெயரில் இது இப்போது கென்யாப் பண்ணைகளிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்கிறது. பெயர் கொடுத்த ஊரில் தண்ணீருக்கு வரிசை.

புகைப்படம் எடுக்கக் காசு கேட்டார்கள், பேசிய பிறகு கொடுத்தேன். இதைக் குறையாக எழுதுகிற பயணிகள் உண்டு. வெயிலில் குழிக்குள் நின்று வாளி எறிகிறவனை இலவசமாகப் படம் பிடித்துப் போவதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன், எல் சோட்

நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் விலகினால் சோடா என்கிற ஊர். ஊர் முடிகிற இடத்தில் பூமியும் முடிந்துவிடுகிறது. எரிமலை வெடித்த வாய், விளிம்புக்கு விளிம்பு 1.8 கிலோமீட்டர். அடியில், சுமார் 600 மீட்டர் பள்ளத்தில், கன்னங்கரேலென்று ஓர் ஏரி. விளிம்பிலிருந்து பார்த்தால் கரையில் நகர்கிற புள்ளிகள் கழுதைகள்.

இறங்க ஒரு மணி நேரம். பாதை முழுக்க உப்பு மூட்டை ஏற்றிய கழுதைகள் எதிரே வருகின்றன. ஓரம் ஒதுங்க வேண்டியது நாம்தான். கீழே போகப் போக காற்று நின்றுவிடுகிறது, நாற்றம் ஏறுகிறது.

கரையில் துணியைக் கழற்றி வைத்துவிட்டு ஆண்கள் ஏரிக்குள் இறங்குகிறார்கள். மூக்கிலும் காதிலும் பிளாஸ்டிக்கை உருட்டி அடைத்துக்கொள்கிறார்கள். இடுப்பளவு, மார்பளவு, சில இடத்தில் கழுத்தளவு. நீளக் கழியால் அடித்தரையைக் குத்திப் பெயர்த்து, மூழ்கி, கையால் அள்ளி எடுத்து வருகிறார்கள். வருவது வெள்ளை உப்பு இல்லை, கறுப்புச் சேறு. அதில் பெரும்பாலும் மாட்டுக்குத்தான். பளிங்காக உறைந்த உப்பும் கொஞ்சம் கிடைக்கும், அதற்கு விலை அதிகம். எல்லை தாண்டியும் விற்கப் போகிறது.

ஓர் இளைஞர் கரையேறி உட்கார்ந்தார். தோலில் உப்பு காய்ந்து சாம்பல் பூசியதுபோல வெளுத்திருந்தது. கண் சிவந்திருந்தது. முழங்கையில் ஒரு வெட்டுக் காயம், ஓரமெல்லாம் அரித்துப்போய். எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என்றார். மாடு இருந்தால் வருவீர்களா என்றதற்கு அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மாட்டுக்காரன் இங்கே இறங்க மாட்டான். மாடு போனவன்தான் இறங்குவான்.

2020 கடைசியில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து மழை பொய்த்தது. போரானாவில் மட்டும் லட்சக்கணக்கில் மாடு செத்தது. டுப்ளுக்கில் கூடாரம் போட்டுக் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். நேற்று அந்தப் பக்கம் போகும்போது தம்பி கையைக் காட்டிவிட்டு மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலே ஏற எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கழுதை ஓட்டி வந்த ஒரு பெண், வயது அறுபதுக்குக் குறையாது, என்னைத் தாண்டிப் போகும்போது தம்பியிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். "உப்பு வாங்காமல் சும்மா ஏறி இறங்குவதற்கு இவர் காசு கொடுத்தாரா?" என்று கேட்டாராம்.

வியாழன், மெகா

டிரே வோரெடாவின் தலைமையூர் மெகா. வோரெடா என்பது ஏறக்குறைய நம் தாலுகா. மலையடிவாரம், காற்று குளிர்ச்சி. இத்தாலியர்கள் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. 1941 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கப் படை மழையிலும் சேற்றிலும் சண்டை போட்டு இதைப் பிடித்தது. அந்தப் போர்க்காலத்தில் இந்தப் பக்கம் வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் வெள்ளை வால் வைத்த தகைவிலான் ஒன்றைக் கண்டார். 1942-ல் அதற்கு அறிவியல் பெயரில் மெகா ஊரின் பெயரே சேர்ந்தது. அதுவும் புதர்க்காகம் மாதிரி இந்தச் சீமையை விட்டு வெளியே போகாத பறவை. போரானா வீட்டுக் கூரைக்குள்ளேயே கூடு கட்டுகிறது. கூடு கட்டினால் யாரும் கலைப்பதில்லை.

சாயங்காலம் ஒரு பெரியவர் வீட்டில் காபி. காபி என்றால் டம்ளரில் இல்லை. பழத்தை ஓட்டோடு வெண்ணெயில் பொரித்து, அது வெடிக்கும் சத்தத்துக்கு வாழ்த்துச் சொல்லி, மென்று தின்கிறார்கள். "ஹோரா புலா" என்று பெரியவர் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். பெருகி வாழுங்கள் என்கிற வாழ்த்து. கசப்பும் நெய்யும் சேர்ந்து ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த கை தானாகப் போனது.

முறை என்று பேச்சு வந்ததும் பெரியவர் தங்கள் ஆட்சிமுறையான கடா முறைக்குப் போய்விட்டார். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இதைப் பற்றி வெளியே நிறையப் பேசுகிறார்கள், ஆனால் உள்ளே கணக்கு சிக்கலானது. எட்டு எட்டு வருஷமாக வாழ்க்கை படிகளாகப் பிரிந்திருக்கிறது. ஆட்சியும் எட்டு வருஷம்தான். ஆட்சித் தலைவரான அப்பா கடா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எட்டாவது வருஷம் கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். சட்டத்தைப் புதுப்பிக்கவும் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆரெரோ பக்கம் கயோவில் கூட்டம் கூடுகிறது; அங்கே அப்பா கடாவையே நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

ஆனால் படி வயதை வைத்து இல்லை. அப்பா ஒரு படியில் நுழைந்து 40 வருஷம் கழித்துத்தான் மகன் அந்தப் படிக்கு வர முடியும். அதனால் அப்பாவுக்கு வயதான பிறகு பிறக்கிற பிள்ளை பிறக்கும்போதே மேல்படியில் இருப்பான். முதல் படிச் சிறுவர்களுக்குத் தபாலே என்று பெயர். பெண் பிள்ளை மாதிரி முடி வளர்த்துவிடுவார்கள், யாரும் அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது. பெரியவரின் பேரன் அப்படி ஒருவன். நாங்கள் பேசுகிற நேரமெல்லாம் என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. போரானா முழுக்க சபோ, கோனா என்று இரண்டு பாதி. சபோவுக்கு சபோ பங்காளி. பெண் எடுப்பதும் கொடுப்பதும் கோனாவோடுதான். நாள் பார்ப்பதற்கு அயாந்து என்கிற நிபுணர்கள், சந்திரனையும் சில நட்சத்திரங்களையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். நாட்களுக்கு மொத்தம் 27 பெயர். நம் பஞ்சாங்கத்தை நினைத்து ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

மாடு எல்லாம் செத்த பிறகு எப்படி எழுந்தீர்கள் என்று கேட்டேன். பூசா கோனோஃபா என்றார். மாடு இழந்தவன் குலக்கூட்டத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அவன் சோம்பேறித்தனத்தால் இழந்தானா, பஞ்சத்தால் இழந்தானா என்று விசாரிப்பார்கள். பஞ்சம் என்றால் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்றாகக் கறவை கொடுக்க வேண்டும். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். அவன் மந்தை பெருகினால் அடுத்தவனுக்குக் கொடுக்க அவன் பெயர் வரும். இவருக்கும் அப்படி வந்ததுதான் கொல்லையில் நிற்கிற மாடுகள். ஆனால் எல்லார் மாடும் ஒரே நேரத்தில் சாகிற பஞ்சம் வந்தால் கொடுப்பதற்கு யாரிடம் இருக்கும்? அதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. பதில் சொன்னது அவர் மகன்.

"ஒட்டகம் வாங்கணும்னு நாலு வருஷமா சொல்றேன், அப்பா கேக்க மாட்டேங்கிறாரு." புல் இல்லாவிட்டாலும் ஒட்டகம் முள்ளைத் தின்று பிழைக்கும். புதர் பெருகினால் அதற்குக் கொண்டாட்டம். அக்கம்பக்கத்தில் பலர் மாறிவிட்டார்கள். பெரியவருக்குக் கோபம். போரானாக்காரன் மாட்டுக்காரன், ஒட்டகம் பக்கத்துச் சனத்தின் உயிர் என்று நீளமாக ஏதோ சொன்னார். தம்பி சுருக்கமாக மொழிபெயர்த்தார்: "நான் செத்த பிறகு என்னவோ வாங்கிக்கோ."

மகன் விடவில்லை. குலக்கூட்டத்தில் மாட்டுக்குப் பதில் ஒட்டகத்தைக் கொடுத்தால் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டான். அதற்குப் பெரியவர் எழுந்தே விட்டார். அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். பையன் என் பையிலிருந்து கடைசியாக டார்ச் லைட்டை எடுத்தான். நாங்கள் கிளம்பும்போதும் பேச்சு முடியவில்லை. வாசல் தாண்டியும் ஒட்டகம், ஒட்டகம் என்றே கேட்டது. டார்ச்சைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.